மெஷின் பேரை ஊருக்கு வைத்த கதை: மெல்பர்ன் சன்ஷைன், கேள்வி பதில்

கே: ‘சன்ஷைன்’ என்று பேர் வர, அங்கே வெயில் ஜாஸ்தியா?

ப: வெயிலுக்கும் பேருக்கும் சம்பந்தமே இல்லை. அது ஒரு கோதுமை அறுவடை மெஷினின் பேர். ஹியூ விக்டர் மெக்கே 1880களில் உருவாக்கிய அந்த மெஷின் கதிரைப் பறித்து, அடித்து, தூற்றி, மணியைத் தனியே தந்துவிடும். பாலராட் என்ற ஊரில் அதைச் செய்துவந்த ஆலையை 1906 வாக்கில் இங்கே கொண்டுவந்தார். அப்போது ஊர்ப்பேர் பிரேபுரூக் ஜங்ஷன். 1907இல் சன்ஷைன் ஆனது.

கே: கூலி பற்றிய ‘ஹார்வெஸ்டர் (அறுவடை மெஷின்) தீர்ப்பு’ என்கிறார்களே, அது இந்த ஆலையா?

ப: இதே ஆலைதான். நியாயமான கூலி தரும் முதலாளிக்கு உற்பத்தி வரி கிடையாது என்று 1906இல் சட்டம் வந்தது. எனக்கும் விலக்கு கொடுங்கள் என்று மெக்கே நீதிமன்றம் போனார். ‘நியாயமான கூலி’ எது என்று சட்டத்தில் இல்லை. நீதிபதி ஹிகின்ஸ் குடும்பத் தலைவிகளைக் கூப்பிட்டு வீட்டுச் செலவைக் கேட்டார். வாடகை, மளிகை, ரொட்டி, கறி, பால், விறகு, காய்கனி என்று கூட்டினால் வாரத்துக்குச் சராசரி 32 ஷில்லிங் 5 பென்ஸ். சாதாரணத் தொழிலாளிக்குக் கிடைத்ததோ நாளுக்கு 6 வீதம் ஆறு நாளுக்கு 36 ஷில்லிங். மிச்சம் மூணரை ஷில்லிங்கில் விளக்கு, துணி, செருப்பு, வைத்தியம் எல்லாம்! மனைவி, மூன்று பிள்ளைகளோடு சிக்கனமாகவேனும் வாழ நாளுக்கு 7 ஷில்லிங் வேண்டும் என்று 1907 நவம்பரில் தீர்ப்பளித்தார்.

கே: மெக்கே கொடுத்தாரா?

ப: எங்கே! அந்த வரிச் சட்டமே செல்லாது என்று 1908இல் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்துவிட்டார். ஆனால் 7 ஷில்லிங் கணக்கு சாகவில்லை. பிற்பாடு ஹிகின்ஸ் தந்த தீர்ப்புகளிலும் அதுவே அளவுகோல், நாட்டின் அடிப்படைக் கூலியும் அதிலிருந்து வளர்ந்ததுதான். என் மனக்குறை ஒன்று: அது குடும்பத் தலைவன் என்று ஆணை வைத்துப் போட்ட கணக்கு. பெண்களின் கூலி நெடுங்காலம் ஆண் கூலியில் பாதியைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது.

கே: சன்ஷைனில் ஒரு பெரிய ரயில் விபத்து நடந்ததாமே?

ப: 1908 ஏப்ரல் 20, ஈஸ்டர் திங்கள் இரவு. ஸ்டேஷனில் நின்ற பாலராட் ரயிலின் பின்னால் பெண்டிகோ ரயில் மோதியது. 44 பேர் இறந்தார்கள்.

கே: ஆலை இருந்த இடத்தைப் பார்க்க முடியுமா?

ப: நீங்கள் சன்ஷைன் மார்க்கெட்பிளேசுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தால், அங்கேதான் நின்றிருக்கிறீர்கள். ஆலையை இடித்துக் கட்டிய கடை வளாகம் அது. தொழிலாளிகளுக்காக மெக்கே போட்ட பூங்கா பக்கத்தில் அவர் பேரிலேயே இருக்கிறது.