1,155 ஆட்டங்கள் வீணா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ட்ரூ மேகி என்ற அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரரின் காணொளி ஒன்றைப் பார்த்தேன். கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீக்கில் 13 ஆண்டுகள் ஆடிவிட்டு, 33 வயதில் முதல்முறையாக உச்சநிலையான மேஜர் லீக்கில் இறங்குகிறார். அரங்கமே எழுந்து கை தட்டுகிறது. அவர் பந்தை அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆகிறார். அழுதுவிட்டேன். அப்புறம் யோசித்தால், இதற்காக இளமையையே வீணாக்கலாமா என்று தோன்றுகிறது.

கே.

அன்புள்ள கே.,

நானும் அழுதவன்தான். ஆனால் ‘வீண்’ என்பதை ஏற்க முடியவில்லை.

மேகியை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி 2010இல், புதிய ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் 15ஆவது சுற்றில் எடுத்தது. அதற்குப் பிறகு பல அணிகள், 1,155 மைனர் லீக் ஆட்டங்கள். 2021இல் மின்னசோட்டா ட்வின்ஸ் அணி அவரை மேஜர் லீக்குக்கு அழைத்து, ஓர் ஆட்டத்தில்கூட இறக்காமல் திருப்பி அனுப்பியது. எனக்கு அந்தக் காணொளியைவிட இதுதான் அதிகம் வலிக்கிறது. 2023 ஏப்ரலில் பைரேட்ஸ் ஆட்டக்காரர் பிரையன் ரெனால்ட்ஸ் குடும்பத் துக்கத்துக்காக விடுப்பில் போனார். ஆல்டூனாவில், பைரேட்ஸுக்கு இரண்டு படி கீழே இருந்த அதன் மைனர் லீக் அணியில் ஆடிக்கொண்டிருந்த மேகிக்கு அழைப்பு வந்தது.

நாம் அந்த ஒரு நாளைப் பார்த்துவிட்டு மற்றதையெல்லாம் காத்திருப்பு என்கிறோம். அது வேலை. மேஜர் லீக்கில் 30 அணிகள், அணிக்கு 26 இடம். அவற்றுக்குக் கீழே 120 மைனர் லீக் அணிகள். நாளைய நட்சத்திரம் என்று நம்பப்படும் 20 வயதுப் பையன் தனியாக ஆட முடியாது. அவனோடு களத்தில் நிற்க, பேருந்தில் வர, சரியாக ஆடாத நாளில் பக்கத்தில் உட்கார அனுபவப்பட்ட ஆட்கள் வேண்டும். இது கிளப்புகளுக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்தும் என்ன கூலி கொடுத்தார்கள்? என் கோபம் அங்கேதான். மேஜர் லீக்குக்கு அடுத்த படியான டிரிபிள் ஏயிலேயே 2022 வரை குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 17,500 டாலர்தான். அதுவும் ஆட்டக்காலத்துக்கு மட்டும். மற்ற மாதங்களில் வேறு வேலை பார்க்க வேண்டியிருந்தது. 2022இல் இவர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள், மறு ஆண்டே அந்தக் குறைந்தபட்சச் சம்பளம் 35,800 டாலர் ஆனது. அந்த ஆண்டு மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். மேகி தன் ஆண்டுகளை வீணாக்கவில்லை, அவற்றுக்குரிய கூலியைத்தான் அவருக்குத் தரவில்லை.

மேகியைப் போலவே பெரும்பாலும் மைனர் லீக்கில் ஆடிய மைக் ஹெஸ்மனையும் சொல்ல வேண்டும். 20 பருவங்கள் ஆடியவர். மேஜர் லீக்கில் 109 ஆட்டங்கள், கிரிக்கெட் சிக்ஸர் போன்ற ஹோம் ரன்கள் 14, அவ்வளவுதான். அமெரிக்க மைனர் லீக்கிலோ 433 ஹோம் ரன்கள். பஸ் ஆர்லெட் பல பத்தாண்டுகளாக வைத்திருந்த 432 என்ற சாதனையை 2015 ஆகஸ்டில், டொலிடோ அணிக்காக, ஓடும் வழியிலுள்ள மூன்று பேஸிலும் தன் அணி ஆள் நிற்கும்போது அடித்த ஹோம் ரன்னால் தாண்டினார். அந்தப் பந்து பறந்ததைப் பார்த்தவர்களுக்கு அது எந்த லீக் என்பதா முக்கியமாக இருந்திருக்கும்?

சரி, உங்கள் காணொளியில் இது இருந்ததா தெரியவில்லை. அந்த ஸ்ட்ரைக் அவுட் ஏப்ரல் 26ஆம் தேதி. மூன்று நாள் கழித்து வாஷிங்டனில் மேகி தன் முதல் ஹிட்டை அடித்தார், அதில் ஒரு ரன்னும் வந்தது. தேடி அதையும் பாருங்கள்.

அன்புடன்.