வாசகர் கேள்வி – பதில்: ஓடப் போகும் பிள்ளைக்கு ஏன் கலாசார நிகழ்ச்சி?

கேள்வி: என் மகள் 800 மீற்றர் ஓட்டத்தில் மாகாண மட்டம் வரை வந்திருக்கிறாள். இளையோர் ஒலிம்பிக் போன்ற போட்டிகளுக்குத் தெரிவானால், கலாசார, கல்வி நிகழ்ச்சிகளிலும் பங்குபற்ற வேண்டியிருக்கும் என்று அவளது பயிற்றுவிப்பாளர் சொல்கிறார். அது ஓட்டத்திலிருந்து அவளின் கவனத்தைத் திருப்பிவிடாதா? அவளுக்கு ஆங்கிலமும் அவ்வளவாக வராது.
— ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: உங்கள் கவலை நியாயமானதே, அம்மா. ஆனால் பதக்கத்தோடு நின்றுவிடக் கூடாது என்ற எண்ணத்தில்தான் இளையோர் ஒலிம்பிக்கே தொடங்கப்பட்டது. அப்போதைய சர்வதேச ஒலிம்பிக் குழுத் தலைவர் ஜாக் ரோக்கின் முன்மொழிவால் உருவாகி, 2010 ஆகஸ்டில் சிங்கப்பூரில் முதன்முறையாக நடைபெற்ற அந்தப் போட்டியில், தமது போட்டி முடிந்ததும் ஊர் திரும்பிவிடாமல், இறுதி நாள் வரை வீரர்கள் விளையாட்டுக் கிராமத்திலேயே தங்கியிருக்க வேண்டும் என்பது ஏற்பாடாக இருந்தது. ஓடி முடித்த பிள்ளைக்கு எஞ்சும் அந்த நாட்களே இந்நிகழ்ச்சிகளுக்கு உரியவை. போட்டிக்கு முந்திய நாட்களில் ஓய்வும் பயிற்சியும் போதும் என்பதே என் கருத்து. இதைப் பயிற்றுவிப்பாளருடன் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இவற்றுள் எக்காரணம் கொண்டும் தவறவிடக் கூடாதது ஊக்கமருந்து பற்றிய அமர்வு. வீரரின் உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் காணப்பட்டால், அது அங்கு எப்படி வந்தது, யார் கொடுத்தார்கள் என்பதைப் பார்க்குமுன், பொறுப்பு வீரரையே சாரும் என்பது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் விதி. மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎபெட்ரின்கூட, போட்டிக் காலத்தில் குறித்த அளவைத் தாண்டிச் சிறுநீரில் காணப்பட்டால் குற்றமாகும். தடிமன் வந்தால் அயலவர் தரும் குளிசையை யோசியாமல் விழுங்கும் பழக்கம் நம்மிடம் இருப்பதால், மகளை இன்றிலிருந்தே இதில் பழக்குங்கள். வைத்தியரிடம் போகும்போதெல்லாம் தான் போட்டிகளில் ஓடுபவள் என்பதை அவளே வாய்திறந்து சொல்லட்டும்.

மொழியைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். சிங்கப்பூரில் பல நாட்டுப் பிள்ளைகளைக் கலந்து குழுக்களாக்கி, புலாவ் உபின் தீவுக்கு அழைத்துச் சென்று, ஒருவருக்கொருவர் கைகொடுத்தால் மட்டுமே முடிக்கக்கூடிய சவால்களைக் கொடுத்தார்கள். ஜூடோ போன்ற சில விளையாட்டுகளில் வெவ்வேறு நாட்டவர் ஒரே அணியாக நின்று போட்டியிட்டதும் அங்கேதான். அங்கே தேவைப்படுவது இலக்கணம் பிசகாத ஆங்கிலம் அன்று, கூச்சமின்றி முன்னே வரும் மனம். நம் பிள்ளைகள் பலர் திறமை இருந்தும் பின்வரிசையில் ஒதுங்கி நிற்பதைப் பார்க்கையில் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆகவே முத்தையன்கட்டுக் குளத்தைப் பற்றியும், வற்றாப்பளைப் பொங்கலைப் பற்றியும், வயல் விதைப்புப் பற்றியும் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்ல அவளைப் பழக்குங்கள். பிழையாகச் சொன்னாலும் இடைமறிக்காமல் முழுவதையும் கேளுங்கள். சட்டையில் குத்தும் சின்னங்களை வீரர்கள் தமக்குள் மாற்றிக்கொள்வது இத்தகைய போட்டிகளில் நீண்டகால வழக்கம். அதனுடன் கொடுக்க, பனையோலையில் பின்னிய சிறு பொருட்கள் சிலவற்றையும் பயணப்பையில் வைத்துவிடுங்கள்.