பிற்பகலில் கலந்துபோகும் முகடுகள்

வணக்கம் ஐயா,

மரபணு மருந்தைச் சுமக்கும் ஏஏவி9 வைரஸ் வெக்டரை, அதன் கூட்டைப் பிடிக்கும் அஃபினிட்டி ரெசினில் பிடித்து, பி.எச். 2.5-இல் இறக்குகிறோம். அடுத்து, மரபணு ஏறாத காலி கேப்சிடுகளை (வைரஸின் புரதக் கூடுகளை) நீக்க, பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் ட்ரிஸ் பஃபரில் (பி.எச். 9) ஆனயன் எக்ஸ்சேஞ்ச் (மின்னேற்றத்தை வைத்துப் பிரிக்கும் முறை). காலையில் ஓட்டினால் காலி, நிறைந்தவை என இரண்டு முகடுகள் தனித்தனியே வருகின்றன, பிற்பகலில் கலந்துவிடுகின்றன. ரெசினை மாற்ற வேண்டுமா?

ஆய்வு மாணவி, காலாப்பட்டு

அன்புள்ள மாணவிக்கு,

மாற்றாதீர்கள். கெட்டுப்போன ரெசின் காலையிலும் கெட்டுத்தான் இருக்கும். முதலில் பஃபரின் வெப்பநிலையைப் பாருங்கள். ட்ரிஸின் பி.எச். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.028 இறங்கும். 25 டிகிரியில் 9.0 என்று சரிசெய்த பஃபர், புதுச்சேரி வெயிலில் ஏ.சி. நின்ற அறையில் 34 டிகிரியைத் தொட்டால் 8.75 ஆகிவிடும். குளிர் அறையில் அளந்து வெளியே கொண்டுவந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது.

இந்தக் கால் புள்ளி ஏன் இவ்வளவு படுத்துகிறது? காலி, நிறைந்தது இரண்டுக்கும் வெளிக்கூடு ஒன்றுதான். அதனால்தான் அஃபினிட்டி ரெசின் இரண்டையும் சேர்த்தே பிடிக்கிறது. உள்ளே டி.என்.ஏ. இருப்பதால் நிறைந்தவற்றுக்கு எதிர்மின்னேற்றம் சற்றே கூடுதல். அவை பிந்தி இறங்கும். பிரிவு முழுவதும் அந்தச் சிறு வித்தியாசத்தை நம்பித்தான் நிற்கிறது.

ஆகவே பஃபர்களை முந்தின நாளே ஓட்டும் அறையில் வைத்து, அங்கேயே பி.எச். அளங்கள். பி.எச். 9-இல் ட்ரிஸின் தாங்குதிறன் குறைந்தது. பிஸ்-ட்ரிஸ் புரொப்பேன் என்ற பஃபர் அங்கே நன்றாக நிற்கும். வெப்பம் அதையும் பாதிக்கும், ஆனால் ட்ரிஸ் அளவுக்கு இல்லை.

இரண்டாவது சந்தேகம் உப்பு. இறக்கியதை நடுநிலையாக்க, சேகரிக்கும் குழாயில் முன்பே பத்தில் ஒரு பங்கு 1 மோலார் ட்ரிஸ் ஊற்றியிருப்பீர்கள். அந்த உப்போடு அப்படியே ஏற்றினால் கேப்சிடுகள் ஒட்டாமல் ஓடிவிடும். பத்து மடங்காவது நீர்த்து, கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 3 மில்லிசீமென்ஸுக்குக் கீழே வந்ததும் உடனே ஏற்றுங்கள். குறைந்த உப்பில் ஏஏவி திரளும், குழாய்ச் சுவரிலும் ஒட்டும், அதைத் தடுக்க 0.001 சதவீத பொலோக்ஸமர் 188 சேர்ப்பது நல்லது. கடத்துதிறனும் டிகிரிக்கு 2 சதவீதம் போல ஏறும் என்பதால், மீட்டர் 25 டிகிரிக்குத் திருத்திக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கேப்சிடுகளை இறக்கும்போது உப்பின் செறிவை மெதுவாக ஏற்றுங்கள். 2 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு இருக்கட்டும். 260, 280 நானோமீட்டர் இரண்டிலும் ஒளி உறிஞ்சுதலைப் பதியுங்கள். 260/280 விகிதம் 0.6 பக்கம் என்றால் காலி, 1.2-ஐத் தாண்டினால் பெரும்பாலும் நிறைந்தவை. முகட்டின் உயரத்தை மட்டும் பார்த்துச் சேகரித்தால் காலிக் கூடுகள் மருந்தோடு போய், பயனில்லாமல் நோயாளியின் நோயெதிர்ப்பைத் தூண்டும்.