சீருடை சொல்லும் சேதி: ஜெர்மன் ராணுவச் சின்னங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜெர்மனியில் பணிபுரியும் என் தம்பி, அங்குள்ள பழம்பொருள் சந்தையில் உச்சியில் கூர்முனை வைத்த தோல் தலைக்கவசம் ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறான். முன்புறம் கழுகுத் தகடு இருக்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் வட்டச் சின்னம் உள்ளது. இது எந்தப் படைக்கு உரியது, எந்தக் காலத்தது என்று கண்டறிய இயலுமா?
– வாசகர், திருச்சி

பதில்: பெரும்பாலும் இயலும். 'பிக்கல்ஹௌபே' எனப்படும் இத்தலைக்கவசத்தை 1842இல் பிரஷ்ய மன்னர் நான்காம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் தம் படைக்கு அறிமுகப்படுத்தினார். 1871இல் ஜெர்மன் பேரரசு உருவான பிறகும் அந்நாட்டு ராணுவம் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கவில்லை. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டெம்பெர்க் ஆகிய நான்கு முடியரசுகளும் தத்தமக்கெனத் தனித்தனிப் போர் அமைச்சகங்களை வைத்திருந்தன. அந்த வேறுபாடு தலைக்கவசத்தின் முகப்புத் தகட்டிலேயே தெரியும். கழுகும், 'இறைவன் துணையோடு மன்னருக்காகவும் தாயகத்துக்காகவும்' என்று பொருள்படும் ஜெர்மன் வாசகமும் இருந்தால் அது பிரஷ்யத் தகடு. பவேரியத் தகட்டில் கழுகு இராது. அரச இலச்சினையை இரு சிங்கங்கள் தாங்கி நிற்கும்.

அடுத்து, பக்கவாட்டில் உள்ள வட்டச் சின்னத்தைக் கவனியுங்கள். இதற்குக் 'கோகார்டெ' என்று பெயர். 1897 முதல் அணிபவரின் வலப்பக்கத்தில் பேரரசின் கறுப்பு–வெள்ளை–சிவப்பு வட்டமும், இடப்பக்கத்தில் அவரவர் மாநில வட்டமும் வைக்கப்பட்டன. பிரஷ்யாவுக்குக் கறுப்பு–வெள்ளை–கறுப்பு, பவேரியாவுக்கு வெள்ளை–நீலம்–வெள்ளை, சாக்சனிக்கு வெள்ளை–பச்சை–வெள்ளை, வூர்ட்டெம்பெர்க்குக்குக் கறுப்பு–சிவப்பு–கறுப்பு. 1897க்கு முன்னர் மாநில வட்டம் ஒன்றே வழக்கில் இருந்தது. ஆகவே உங்களிடம் எஞ்சியிருப்பது பேரரசின் வட்டமானால், மாநில வட்டம் எப்போதோ தொலைந்துவிட்டது என்று கொள்ளலாம். எஞ்சியிருப்பது மாநில வட்டமானால், தலைக்கவசம் 1897க்கு முந்தியதாகவும் இருக்கக்கூடும், பின்னர் ஒன்றை இழந்ததாகவும் இருக்கக்கூடும்.

இவற்றையெல்லாம்விட உறுதியான சான்று உட்புறத்தில் உள்ளது. கழுத்தை மறைக்கும் பின்விளிம்பின் அடிப்பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். தோலில் அழுத்திய முத்திரை கண்ணில் படலாம். 'பி.ஏ.' என்ற எழுத்துகளும் ரோமன் எண்ணும் இருந்தால், அந்த எண்ணுக்குரிய படைத்தொகுதியின் உடைக் கிடங்கிலிருந்து அது வழங்கப்பட்டது என்று பொருள். 'ஜே.ஆர்.' என்ற எழுத்துகளை அடுத்து வரும் எண், காலாட்படை ரெஜிமென்ட்டின் எண். அக்கால முத்திரைகளில் 'ஐ' என்ற எழுத்துக்குப் பதிலாக 'ஜே' என்ற எழுத்தே பயின்றுவரும். ஆண்டும் இருந்தால் அது உங்கள் நற்பேறு. அதிகாரிகள் சொந்தச் செலவில் வாங்கிக்கொண்ட கவசங்களில் இத்தகைய முத்திரையை எதிர்பார்க்க வேண்டாம்.

இறுதியாக, முகப்புத் தகட்டின் பின்னால், கவசத்தின் உட்பக்கத்தில் தோலில் எத்தனை துளைகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். தகட்டின் இரு வளையங்கள் நுழையும் அளவுக்குத்தான் துளைகள் இருக்க வேண்டும். கூடுதலாக ஒரு சோடி இருந்தால், தகடு மாற்றப்பட்டிருக்கிறது. கூர்முனையைக் கழற்றும் வசதியும் சாம்பல் நிறம் பூசிய உலோகப் பாகங்களும் 1915ஆம் ஆண்டு மாதிரியைக் குறிக்கும். தோல் தட்டுப்பாட்டால் போர்க்காலத்தில் கம்பளி அட்டையிலும் தகரத்திலும்கூடச் செய்தார்கள். 1916 முதல் எஃகுத் தலைக்கவசம் வந்து, போர்முனையில் இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கேள்வி: இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் தரைப்படை மேற்சட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. உள்ளே ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கிறது. மார்பில் கழுகுச் சின்னம் இருந்த இடம் வெறுமையாக உள்ளது. பழைய கழுகு ஒன்றை வாங்கித் தைத்துவிடலாமா? பெயருக்குரியவரைத் தேட வழி உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தயவுசெய்து தைக்காதீர்கள். 1945இல் ஜெர்மனி சரணடைந்த பின், நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் கவுன்சில் ராணுவச் சீருடையும் சின்னங்களும் அணிவதைத் தடை செய்தது. மாற்றுத் துணி கிடைக்காத வறுமையில், வீடு திரும்பிய வீரர்கள் பலர் சின்னங்களைப் பிரித்தெடுத்துவிட்டு அதே சட்டையையே, சிலர் சாயம் தோய்த்தும், அணிந்து திரிந்தார்கள். உங்கள் சட்டையின் வலது மார்பில், சுற்றியுள்ள துணியைவிட வெளிறாத பகுதி ஒன்று கழுகின் வடிவில் தெரிந்தால், ஓரத்தில் நூல் நுழைந்த சிறு துளைகள் வரிசையாகத் தெரிந்தால், அது போர் முடிந்த பின் அந்தச் சட்டை வாழ்ந்த வாழ்வின் சாட்சியம். அதன்மேல் வேறொரு கழுகைத் தைத்தால், விற்பனை விலை கூடலாம். வரலாற்று ஆவணம் என்ற தகுதி போய்விடும். சேகரிப்பாளர்கள் சிலர் இதை 'மீட்டமைத்தல்' என்று சொல்வதுண்டு. என் கருத்தில் அது ஆவணத்தைத் திருத்துவதே ஆகும்.

சட்டையின் உட்புறத்தில் ஐந்து எண்கள் கொண்ட மை முத்திரையைத் தேடுங்கள். முதுகு நீளம், கழுத்து, மார்புச் சுற்றளவு, மொத்த நீளம், கை நீளம் ஆகிய அளவுகளைச் சென்டிமீட்டரில் அது குறிக்கும். அருகில் எழுத்தும் ஈரிலக்க எண்ணும் இருந்தால், எழுத்து உடைக் கிடங்கின் ஊரையும் எண் ஆண்டையும் சுட்டும். 'இ 40' என்றால் எர்ஃபுர்ட், 1940. போரின் பிற்பகுதியில் தைத்த சட்டைகளில் உற்பத்தியாளரின் பெயருக்குப் பதிலாகத் தொழிற்சாலைப் பதிவெண் வரும். கழுத்துப்பட்டி கரும்பச்சையில் இருந்தால் அது 1936ஆம் ஆண்டு மாதிரி; 1940 வாக்கில் கழுத்துப்பட்டியும் சட்டையின் சாம்பல்–பச்சை நிறத்திலேயே அமைந்தது; 1943 மாதிரியில் சட்டைப்பைகளின் மடிப்பும் போயிற்று. துணி நெருக்கடி முற்ற முற்றக் கம்பளியின் தரம் இறங்குவதைக் கையால் தொட்டே உணரலாம். தோள்பட்டைகளின் விளிம்பு நிறம் படைப்பிரிவைச் சொல்லும்: வெள்ளை காலாட்படை, சிவப்பு பீரங்கிப்படை, இளஞ்சிவப்பு கவச வாகனப்படை, கறுப்பு பொறியாளர் படை, எலுமிச்சை மஞ்சள் தகவல் தொடர்புப்படை. ஆனால் தோள்பட்டைகள் பொத்தானில் மாட்டுபவை; ஒரு நிமிடத்தில் மாற்றிவிட முடியும். எனவே அவற்றை மட்டும் நம்பி முடிவுக்கு வர வேண்டாம்.

பெயருக்குரியவரைத் தேட, ஜெர்மனியின் மத்திய ஆவணக் காப்பகமான புண்டெஸ்ஆர்ஷிவை அணுக வேண்டும். வேர்மாக்ட் எனப்பட்ட அக்கால ஜெர்மன் ஆயுதப்படை வீரர்களின் அடையாள வில்லைப் பட்டியல்களையும் இழப்புப் பதிவுகளையும் பேணிவந்த பெர்லின் அலுவலகம் 2019 முதல் அதன் ஒரு பகுதியாகிவிட்டது. பெயரோடு பிறந்த தேதி தெரிந்தால் தேடுவது எளிது. பெயர் மட்டும் இருந்தால், அதே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். வில்லை கிடைத்திருந்தால் அதுவே சிறந்த திறவுகோல். நடுவில் துளைக்கோடு இட்ட அந்த நீள்வட்டத் தகட்டில் வீரரின் எண்ணும், அவர் முதலில் சேர்ந்த பிரிவும் இருபுறமும் பொறிக்கப்பட்டிருக்கும்; அவர் மடிந்தால் ஒரு பாதியை உடைத்து அனுப்பிவிட்டு மறுபாதியை உடலோடு விடுவார்கள். உங்களிடம் இருப்பது முழு வில்லையா, பாதியா என்பதே ஒரு செய்தி.

முதல் உலகப்போர் வீரரைத் தேடுவோருக்கு ஒரு குறிப்பு. பிரஷ்ய ராணுவத்தின் ஆவணங்கள் 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் நகரின் மீது நடந்த விமானத் தாக்குதலில் பெருமளவு அழிந்தன. பவேரிய வீரர்களின் பதிவேடுகளோ மியூனிக் போர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வூர்ட்டெம்பெர்க் பதிவுகளுக்கு ஸ்டுட்கார்ட், பாடன் பதிவுகளுக்குக் கார்ல்ஸ்ரூ. ஆகவே எந்த மாநிலத்துப் பொருளை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தே, ஆய்வு எவ்வளவு தூரம் செல்லும் என்பதும் அமையும். புதிதாகத் தொடங்குவோரைப் பவேரியப் பொருள்களின் பக்கம் நான் திருப்பிவிடுவது இதனால்தான்.

கேள்வி: 1914இல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய எம்டன் கப்பலின் மாலுமித் தொப்பி நாடா என்று சொல்லி ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: கப்பலின் பெயர் இருப்பதாலேயே முடிவு செய்துவிடாதீர்கள். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைத் தாக்கிய எம்டன், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அழிந்தது. அதன் பெயரையே தாங்கி இரண்டாவது எம்டன் 1916இல் பணியில் சேர்ந்தது. முதல் கப்பலின் நினைவாக அதன் முகப்பில் இரும்புச் சிலுவை பொருத்தப்பட்டிருந்தது. 1925இல் மூன்றாவது எம்டனும் பணியில் சேர்ந்தது. பேரரசுக் காலத்து நாடாவில் பேரரசரின் கப்பல் என்பதைக் குறிக்கும் 'எஸ்.எம்.எஸ்.' என்ற எழுத்துகள் கப்பல் பெயருக்கு முன்னால் வரும். மூன்றாவது கப்பலுக்கு அவை வராது. ஆக, அந்த எழுத்துகளுடன் கூடிய நாடா முற்றிலும் அசலாகவே இருந்தாலும், சென்னைக்கு வராத இரண்டாவது கப்பலுடையதாக இருக்க வாய்ப்பு உண்டு. முதல் கப்பலில் பணியாற்றிய ஒரு குறிப்பிட்ட மாலுமியின் புகைப்படம், கடிதம், பணிப்பதிவு இவற்றில் ஏதேனும் ஒன்றோடு சேர்ந்து வந்தால் மட்டுமே, விற்பவர் சொல்லும் விலையைப் பற்றிப் பேசலாம். அப்படி ஏதும் இல்லையென்றால், உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் உள்ள எம்டன் நினைவுக் கல்வெட்டைப் போய்ப் பாருங்கள். அது ஐயத்துக்கு இடமற்றது.

கேள்வி: போலியைக் கண்டறியப் புறஊதா விளக்கும் காந்தமும் போதும் என்கிறார்களே?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அவை உதவும், போதா. துணியை வெண்மையாக ஒளிரச் செய்யும் வேதிப்பொருள்கள் போருக்குப் பின்னரே பரவலாயின. ஆதலால் புறஊதா வெளிச்சத்தில் நூல் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். எனினும் அசல் சட்டையைப் பிற்காலச் சலவைத்தூளில் ஒருமுறை துவைத்திருந்தாலும் அப்படியே ஒளிரும். சட்டை முழுவதும் மங்கலாக ஒளிர்கிறதா, சின்னத்தைத் தைத்த நூல் மட்டும் ஒளிர்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பின்னது மோசமான அறிகுறி.

இரும்புச் சிலுவையும் அப்படித்தான். 1813இல் நிறுவப்பட்டு, 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்ட இவ்விருது, பொதுவாகக் கறுப்பு வண்ணம் பூசிய இரும்பு நடுப்பகுதியை இரு வெள்ளிச் சட்டகங்களுக்கிடையே வைத்துப் பற்றவைத்துச் செய்யப்பட்டது. காந்தம் ஒட்டவில்லையென்றால் ஐயம் எழும். ஆயினும் காந்தம் ஒட்டாத நடுப்பகுதி கொண்ட அசல்களும் உண்டு, இரும்பில் செய்த போலிகளும் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் சட்டகத்தின் மணி விளிம்பைப் பாருங்கள். அசலில் மணிகள் கூர்மையாகத் தனித்தனியே நிற்கும். வார்ப்புப் போலியில் ஒன்றோடொன்று கலந்து, இடையில் சிறு குமிழ்க் குழிகள் தெரியும்.

கேள்வி: ஸ்வஸ்திகா உள்ள சின்னங்களை வைத்திருப்பது ஜெர்மனியில் குற்றமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: பொதுவெளியில் காட்டுவதும் பரப்புவதும் அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவின்படி குற்றம், கல்வி, ஆய்வு, கலை ஆகிய நோக்கங்களுக்கு விலக்கு உண்டு. தனிப்பட்ட முறையில் வைத்திருப்பதை மட்டும் அச்சட்டம் குற்றமாக்குவதில்லை. ஆஸ்திரியாவின் சட்டம் இன்னும் கடுமையானது. 1957இல் மேற்கு ஜெர்மனி, போர்க்கால விருதுகளை ஸ்வஸ்திகா நீக்கிய வடிவில் மட்டும் அணிய அனுமதித்தது. 1939 இரும்புச் சிலுவையின் நடுவில் கருவேல இலைகள் இடம்பெற்ற வடிவம் அவ்வாறு பிறந்ததே. சட்டம் ஒருபுறம் இருக்க, இச்சின்னத்தின் கீழ் கொல்லப்பட்டோரின் குடும்பத்தார் இன்றும் வாழ்கிறார்கள். விருந்தினர் வரும் கூடத்தில் அலங்காரமாக மாட்டுவதையும், உடுத்திப் படம் எடுப்பதையும் நான் ஏற்பதில்லை. ட்ரெஸ்டனில் உள்ள ஜெர்மன் ராணுவ அருங்காட்சியகம் சீருடையை அதன் விளைவுகளோடு சேர்த்தே காட்டும் முறையை நேரில் பார்த்துவிட்டுச் சேகரிப்பைத் தொடங்குவது நல்லது.

கேள்வி: நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் கம்பளிச் சீருடையை எப்படிப் பாதுகாப்பது?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கம்பி மாட்டியில் தொங்கவிடாமல், அமிலம் இல்லாத தாளை மடிப்புகளுக்குள் திணித்துப் பெட்டியில் படுக்கையாக வையுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் இட்டுக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பூச்சி அரித்த அடையாளம் கண்டால், காற்றுப்புகாத உறையில் இட்டு, ஆழ்குளிர்ப் பெட்டியில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வைத்து எடுத்து, உறையைப் பிரிக்காமலேயே ஒரு நாள் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். உடனே பிரித்தால் துணியின்மேல் நீர் படியும். தோல் பாகங்களுக்கு எண்ணெய் தடவ வேண்டாம். பித்தளைப் பொத்தான்களைப் பளபளப்பாகத் தேய்க்கவும் வேண்டாம். பின்புறத்தில் உள்ள தயாரிப்பாளர் குறி அதில்தான் முதலில் அழியும்.