ஒயரைக் கழற்றிப் பார்த்த 12.4 வோல்ட்டை நம்பாதீர்கள்

கேள்வி: அண்ணே, பிள்ளையார் நோன்புக்குச் சென்னையிலிருந்து பள்ளத்தூர் வந்திருக்கிறேன். அப்பச்சியின் பழைய டீசல் கார், 1.4 லிட்டர், ப்ரீ சேம்பர் எஞ்சின். வருஷத்தில் பாதி நாள் சும்மாதான் நிற்கும். காலையில் செல்ஃப் அடித்து அடித்துப் பேட்டரிதான் இறங்குகிறது, வெள்ளைப் புகை வருகிறது, வண்டி எடுக்கவில்லை. வெயில் ஏறிவிட்டால் எடுத்துக்கொள்கிறது. மெக்கானிக் நாலு ஹீட்டர் பிளக்கும் புதிதாகப் போட்டார், அப்படியேதான் இருக்கிறது. டாஷ்போர்டில் சுருள் விளக்கு எரிந்து அணைகிறது, ரிலே 'டிக்' என்கிறது, பிளக்குக்கு வரும் ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12.4 வோல்ட் காட்டுகிறது. இனி எதை மாற்றுவது?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள் தம்பி.

நம் ஊர்க் குளிரெல்லாம் ஒரு குளிரா என்று யாராவது சொல்வார்கள். நேரடியாக சிலிண்டருக்குள் டீசல் அடிக்கும் எஞ்சின் என்றால் அவர்கள் சொல்வது சரி, மார்கழி விடியலிலும் அது பிளக் இல்லாமலே பெரும்பாலும் எடுத்துவிடும். உங்களுடையது ப்ரீ சேம்பர், டீசல் முதலில் சிலிண்டருக்கு மேலே ஒரு சின்ன அறைக்குள்தான் விழும். அழுத்தத்தில் சூடேறும் காற்றின் சூட்டை அந்தச் சின்ன அறையின் சுவரே குடித்துவிடும், அதனால் காரைக்குடிப் பக்கத்திலும் அதற்கு ஹீட்டர் பிளக் வேண்டும். வெள்ளைப் புகை வருவதும் நல்ல செய்திதான், டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். புகையே வராமல் இருந்தால் டீசல் லைனில் காற்று பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன்.

அந்தச் சுருள் விளக்கு இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் வெறும் டைமர், பிளக் சூடானதா என்று அதற்குத் தெரியாது. ரிலேயின் 'டிக்' சத்தமும் உள்ளே காயில் இழுக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. காண்டாக்ட் கரிந்துபோயிருந்தாலும் அதே சத்தம்தான் வரும்.

இனி அந்த 12.4. ஒயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தீர்கள் இல்லையா, அங்கேதான் ஏமாந்தீர்கள். மீட்டர் இழுப்பது ஒன்றுமில்லாத கரண்ட், வழியில் எவ்வளவு மோசமான ஜாயின்ட் இருந்தாலும் அது முழு வோல்ட்டைத்தான் காட்டும். பிளக் அப்படியல்ல. சூடான பிறகும் ஒவ்வொன்றும் 10 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும், நான்கும் சேர்ந்தால் 40-க்கு மேல். நாலு பிளக்கும் சேர்ந்த ரெசிஸ்டன்ஸ் கால் ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஏதோ ஒரு லக், அதாவது ஒயர் நுனியில் இருக்கும் உலோக வளையம், பச்சை பிடித்து வெறும் 0.1 ஓம் கூடினால், 12 வோல்ட்டில் பிளக்குக்குக் கிடைப்பது எட்டரை வோல்ட் சொச்சம், சூடு ஏறக்குறைய பாதி. அந்த 0.1 ஓமை உங்கள் மீட்டரின் ஓம் ரேஞ்சில் பிடிக்கவும் முடியாது, அதன் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 காட்டும்.

ஆகவே எல்லாவற்றையும் மாட்டிவிட்டு லோடோடு, அதாவது பிளக் கரண்ட் இழுக்கும்போதே, பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவின் ஈயக் குமிழிலேயே வையுங்கள், மேலே இருக்கும் கிளாம்பில் வேண்டாம். கறுப்பு முனை, நாலு பிளக்கையும் இணைக்கும் தகட்டில். ஆச்சியை உள்ளே உட்காரவைத்து சாவி போடச் சொல்லுங்கள். போடும் முன் 12 காட்டும், பயப்படாதீர்கள், அது சரிதான். ரிலே 'டிக்' என்றதும் அரை வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இரண்டு, மூன்று என்று நின்றால் அத்தனை வோல்ட் வழியிலேயே தொலைகிறது. கறுப்பு முனையை அங்கிருந்து பேட்டரி நோக்கி ஒவ்வொரு இடமாக நகர்த்துங்கள்: ரிலேயில் 87 என்று எண் போட்ட முனை, அப்புறம் 30 என்று போட்ட முனை, அப்புறம் பெரிய ஃபியூஸின் இரண்டு பக்கமும். எந்த இடத்தில் ரீடிங் சட்டென்று குறைகிறதோ, அதற்கும் முந்தின இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. சாவி அணைத்ததும் கையால் தொட்டுப் பாருங்கள், அந்த ஜாயின்ட் சுடும்.

பாசிட்டிவ் பக்கம் சுத்தமாக இருந்தால் எர்த். ஹீட்டர் பிளக்குக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது, ஹெட் வழியாகத்தான். சிவப்பை எஞ்சின் ஹெட்டிலும் கறுப்பை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து இதே சோதனை. செல்ஃபும் சோம்பலாகச் சுற்றினால் இதை முதலில் செய்யுங்கள்.

என் ஊகம் பெரிய ஃபியூஸின் போல்ட். கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் வண்டிக்கு இரண்டு முறை, மொத்தம் எட்டு பிளக் மாற்றிவிட்டு என்னிடம் வந்தார்கள். ஃபியூஸ் முழுசாக இருந்தது, அதன் அடியில் போல்ட்டைச் சுற்றிப் பச்சை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, இந்த மாதிரி அரிப்பையும் ஆராயும் மின்வேதியியல் ஆய்வகம் ஒன்று காரைக்குடியிலேயே இருக்கிறது, நம் வண்டிக்குள்தான் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உப்புத்தாள், கொஞ்சம் வாஸ்லின், பத்து நிமிஷ வேலை. எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள், மூடிக் கிடக்கும் வீட்டில் அது இல்லாமல் இருக்காது.

பிளக்கைத்தான் சந்தேகப்படுகிறீர்கள் என்றால் இணைப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள், தகடு இருந்தால் நல்ல பிளக் செத்ததை மறைத்துவிடும். இன்டிகேட்டர் பல்பு, 21 வாட், ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை பிளக் தலையில். பளிச்சென்று எரிந்தால் உயிரோடு இருக்கிறது. எல்.இ.டி. டெஸ்டர் வேண்டாம், அது எதற்கும் எரியும். இதெல்லாம் 12 வோல்ட் பிளக்குக்கு மட்டும். புது காமன் ரெயில் வண்டிகள் பலவற்றில் அதைவிடக் குறைந்த வோல்ட் பிளக் இருக்கும், நேரடியாக பேட்டரி கொடுத்தால் போய்விடும். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கலாமா என்று அடுத்து யாராவது ஐடியா கொடுப்பார்கள். பிளக் சூடாக இருக்கும் எஞ்சினில் அது நேரங்கெட்ட நேரத்தில் வெடிக்கும், பிஸ்டன் தாங்காது.

மெக்கானிக் கழற்றிய பழைய நாலு பிளக்கையும் கேட்டு வாங்குங்கள். பல்பில் வைத்துப் பாருங்கள், உடம்பை பேட்டரி நெகட்டிவில் தொட்டுக்கொண்டு. எரிகிறவற்றைத் துணியில் சுற்றி வண்டியிலேயே போட்டு வையுங்கள்.