கட்டிப்போடக் கூடாத தங்கம்

அன்புள்ள ஐயா,

ஈர்ப்பலைகளை விண்வெளியில் அளக்கும் வழியைச் சோதிக்க ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அனுப்பிய லிசா பாத்ஃபைண்டர் விண்கலத்தைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்ததைப் படித்தேன். அது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்றது. அங்கே காற்றே கிடையாதே, எந்த இழுவையை எதிர்க்க இஞ்சின்? அதுவும் கொசுவை நகர்த்தத் திணறும் பலவீனமான இஞ்சின். உள்ளே மிதக்கவிட்ட உலோகக் கட்டிகளை இறுக்கிக் கட்டியிருந்தால் வேலை முடிந்திருக்குமே? நம் நாட்டில் இதைச் செய்ய முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறேன், அது வேறு பேச்சு. கொசு என்று எழுதினீர்கள். கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். சூரிய ஒளி அந்தக் கலத்தைத் தள்ளிய விசை இருபது சொச்சம் மைக்ரோநியூட்டன், ஏறக்குறைய ஒரு கொசுவின் எடை. காற்று இல்லாவிட்டால் என்ன, வெயில் இருக்கிறதே.

ஆனால் “கட்டியிருந்தால் வேலை முடிந்திருக்குமே” என்ற வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. சில நாட்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருந்ததும் அதுவே.

என் தாய்மாமா நகைப் பட்டறை வைத்திருந்தார். அவருடைய தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். சித்திரை மாதப் புழுக்கத்திலும் தங்கம் நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். ஒருநாள் அவர் பெட்டியைத் திறந்து தங்கத்தை வைத்ததும் தட்டு ஆடியது. உதவி செய்வதாக நினைத்து விரலால் பிடித்தேன். புறங்கையில் சுளீரென்று ஓர் அடி. “மாப்ளே, நீ புடிச்சா அது ஒன் கையத்தான் சொல்லும், தங்கத்தைச் சொல்லாது.”

அந்தக் கலத்துக்குள் இருந்ததும் தங்கம்தான். தங்கமும் பிளாட்டினமும் கலந்த இரண்டு கனசதுரங்கள். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 46 மில்லிமீட்டர், எடை கிட்டத்தட்ட இரண்டு கிலோ, இடைவெளி 38 சென்டிமீட்டர். 2015 டிசம்பரில் ஏவும்போது நீங்கள் சொன்னபடி இறுக்கித்தான் பிடித்திருந்தார்கள். 2016 பிப்ரவரியில் விட்டுவிட்டார்கள். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போனது! கட்டிவைத்த கட்டி கலத்தோடு சேர்ந்து வெயிலின் தள்ளலையும் வாங்கிக்கொள்ளும், கலத்தின் நடுக்கத்தையும் வாங்கிக்கொள்ளும். ஈர்ப்பு மட்டும் அதை என்ன செய்கிறது என்று பிறகு யாரிடம் கேட்பது?

விட்டபின் எதுவும் அவற்றைத் தொடவில்லை. சுற்றிலும் இருந்த மின்முனைகள், கட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தன. சுவர் அதை நெருங்கினால் கட்டியைத் தள்ளமாட்டார்கள், கலம் விலகிக்கொள்ளும். ஒரு கட்டியைப் பின்தொடர்ந்தே மொத்தக் கலமும் போனது. இரண்டாவது கட்டியை மட்டும் மின்புலத்தால் லேசாகச் சரிசெய்தார்கள், அந்த விசையையும் கணக்கில் கழித்தார்கள்.

இப்போது சொல்லுங்கள், அந்த இஞ்சினைப் பலவீனமானது என்பீர்களா? நைட்ரஜன் வாயுவைச் சொட்டுச்சொட்டாக விடும் குழல்கள் அவை. நாசா தன் பங்குக்கு, திரவத் துளிகளுக்கு மின்னேற்றி வீசும் உந்திகளையும் அதே கலத்தில் சோதித்தது. ஒரு கொசுவின் எடையை வெயில் மாற மாற அளந்து கொடுக்க வேண்டும், கொஞ்சமும் உதறக் கூடாது. ராக்கெட் இஞ்சினிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். பெரிய விசையைக் கண்டு வாய்பிளக்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, எஸ். வீட்டில் பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்லிக்கொடுக்கிறோம்.

காற்றை எதிர்த்த கலமும் உண்டு. பூமியின் ஈர்ப்பை அளக்க 2009இல் ஏவிய கோசே என்ற செயற்கைக்கோள், சுமார் 255 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. செனான் வாயுவுக்கு மின்னேற்றி வீசும் அயனி இஞ்சின், அதிகபட்சம் 20 மில்லிநியூட்டன், அதாவது இரண்டு கிராம் எடை. 2013 அக்டோபரில் செனான் தீர்ந்தது, மூன்றே வாரத்தில் விழுந்துவிட்டது.

பாத்ஃபைண்டரின் கட்டிகளுக்குத் தேவை என்று வைத்திருந்த அளவைவிட ஐந்து மடங்குக்கும் மேல் அமைதி கிடைத்தது என்று 2016 ஜூனில் அறிவித்தார்கள். படித்த அன்று ராத்திரி மாமா நினைவில் தூக்கம் வரவில்லை. அவருடைய தராசு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். தட்டை மட்டும் தொடக் கூடாது.