கொயரில் நிற்கிறவர்களுக்கு: அண்ணாச்சி பதில்கள்

டிசம்பர் நெருங்கிவிட்டதால், கோயிலில் பாடுகிற பாடகர் குழுவான கொயர் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாளையங்கோட்டையில் பாஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) வரிசையில் நின்று பாடி, பிறகு மற்றவர்களைப் பழக்கிவிடவும் தொடங்கியவன் நான். தெரிந்தமட்டில் சொல்கிறேன்.

கேள்வி (வள்ளியூர், சோப்ரானோ என்கிற பெண்களின் மேல்குரல்): அண்ணாச்சி, எங்கள் கொயர் மாஸ்டர் "சிரிச்சிக்கிட்டே பாடுங்க" என்கிறார். பாடினால் பொம்மை மாதிரி இருக்கிறது என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.

பதில்: சிரிப்பை விடுங்கம்மா. முதலில் கண்ணைத் தாளிலிருந்து எடுங்கள். ஃபைலை வயிற்றோடு பிடித்தால் தலை குனியும், தொண்டை மடங்கும், சத்தம் தரையில் விழும். நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினால் தாளும் மாஸ்டர் கையும் ஒரே பார்வையில் தெரியும். முழுப் பாட்டையும் மனப்பாடம் செய்ய நேரமில்லையா, ஒவ்வொரு சரணத்திலும் முதல் வரியும் கடைசி வரியும் மட்டுமாவது மனப்பாடமாக இருக்கட்டும். அந்த இரண்டு இடத்தில் சபையைப் பார்த்துப் பாடினாலே போதும்.

அப்புறம், பாட்டை ராகமில்லாமல் ஒருமுறை வாசியுங்கள், பக்கத்து வீட்டு அக்காவிடம் சேதி சொல்லுகிற தோரணையில். எந்தச் சொல்லில் குரல் அழுந்துகிறதோ அங்கே முகமும் தானாக மாறும். பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கும் பல்லைக் காட்டச் சொல்லுகிற மாஸ்டர் இருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

கேள்வி (டோனாவூர், டெனர் என்கிற ஆண்களின் மேல்குரல்): பாட்டு நன்றாக இருக்கிறது, வார்த்தைதான் புரியவில்லை என்று பின்வரிசையில் சொல்கிறார்கள்.

பதில்: ஒற்றெழுத்தைக் கவனியுங்கள் தம்பி. 'இரக்கம்' என்று பாடும்போது அந்த 'க்' ஆளுக்கொரு நேரத்தில் விழுந்தால் சொல்லே சிதறிவிடும். ஒத்திகையில் கீபோர்டை நிறுத்திவிட்டு, தாளத்தில் வார்த்தையை மட்டும் மெதுவான குரலில் சொல்லிப் பாருங்கள். எங்கே சிதறுகிறது என்று உடனே காதில் விழும். கடைசி 'ம்' எந்தத் தட்டில் மூட வேண்டும் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மெஞ்ஞானபுரம், கீபோர்டு): சபையார் இழுத்துப் பாடுகிறார்கள். கொயரும் கூடவே இழுபடுகிறது.

பதில்: குறை சபையார் மேல் இல்லை. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் நீளமுள்ள கோயிலில் கடைசி பெஞ்சுக்குச் சத்தம் போய்ச்சேர பத்தில் ஒரு நொடி ஆகும். அவர்கள் அதோடு சரியாகச் சேர்ந்து பாடினாலும், அந்தக் குரல் உங்களிடம் திரும்பிவர இன்னொரு பத்தில் ஒரு நொடி. அதைக் கேட்டு நீங்கள் தயங்கினால் அவர்கள் அதற்கும் பின்னால் போவார்கள். ஆகவே இந்த விஷயத்தில் காதை நம்பாதீர்கள், மாஸ்டர் கையை நம்புங்கள். சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவில் மூச்சுவிடும் இடைவெளியை எப்போதும் ஒரே அளவாகக் கொடுங்கள். எப்போது தொடங்குவது என்று தெரிந்தால்தான் ஜனங்கள் தைரியமாக வாயைத் திறப்பார்கள். சபையோடு ஒட்டிப் பாடுவதில் பாதி வேலை இதுதான்.

கேள்வி: செல்போனில் வரிகளைப் பார்த்துப் பாடலாமா?

பதில்: ஒத்திகையில் பார்க்கலாம். மெழுகுவர்த்தி ஆராதனையில் மூஞ்சியில் நீல வெளிச்சம் அடிக்கும், வேண்டாம்.

கேள்வி (நாசரேத்): கேரல் ரவுண்ட்ஸில், கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும்போது, தொண்டை கட்டிவிடுகிறது. சுக்குக் காப்பி போதுமா?

பதில்: கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி இதமாக இருக்கும், குடியுங்கள். ஆனால் குடிப்பது எதுவும் குரல்நாணில் நேராகப் படாது, உணவுக்குழாய் வழியாகப் போய்விடும். பகல் முழுக்கத் தண்ணீர் குடித்திருந்தால்தான் ராத்திரி பலன் தெரியும். தொண்டை கட்டுவதற்குப் பெரிய காரணம் வேறு. திறந்த தெருவில் நம் குரல் நமக்கே கேட்காது, அதனால் கத்துகிறோம். வீட்டுச் சுவரைப் பார்த்து அரைவட்டமாக நெருங்கி நில்லுங்கள். டிரம் அடிக்கிற தம்பி பின்னால் நிற்கட்டும். நாலு குரலும் தனித்தனி ராகத்தில் பாடுகிற நாலு பார்ட்டைக் கோயிலுக்கு வைத்துக்கொண்டு தெருவில் ஒரே ராகமாகப் பாடினாலும் குறைவில்லை. கதவைத் திறந்து வருகிற பாட்டிக்குத் தெரிந்த பாட்டாகப் பாடுங்கள், அவரும் சேர்ந்துகொள்வார்.

கேள்வி (சாத்தான்குளம்): வாலிபப் பிள்ளைகள் கீர்த்தனையைப் பழசு என்கிறார்கள்.

பதில்: கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1827-இல் திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் பிறந்தவர். நம்ம ஊர்க்காரர்கள் பாட்டு என்று சொல்லிப் பாருங்கள். அப்படியே வேகத்தையும் சரிசெய்யுங்கள். தாளம் போட்டு, பல்லவிக்குச் சபையையும் கூப்பிட்டுப் பாடினால் பிள்ளைகள் கை தட்டாமல் இருக்கிறார்களா, பார்ப்போம்.

கேள்வி (பாளையங்கோட்டை, ஆல்ட்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல்): வேலை முடிந்து களைத்துப்போய் ஒத்திகைக்கு வருகிறேன். திரும்பும்போது களைப்பே தெரியவில்லை. மனப்பிரமையா?

பதில்: இல்லம்மா. ஸ்வீடனில் கோதென்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு ஒன்றுபோல் கூடிக் குறைவதைக் கண்டார்கள். காரணம் மூச்சு. வரி முடிவில் எல்லோரும் ஒன்றாக இழுத்து, வரி முழுக்க நிதானமாக விடுகிறோம். விடும்போது துடிப்பு தணியும். மூச்சு வாங்கும் இடங்களைக் குறிக்காத கொயருக்கு இந்த சுகம் பாதிதான் கிடைக்கும்.

கேள்வி (இடையன்குடி): அறுபது தாண்டிவிட்டது. மேல் ஸ்தாயியில் குரல் நடுங்குகிறது. ஒதுங்கிக்கொள்ளட்டுமா தம்பி?

பதில்: எதற்கு அக்கா? சோப்ரானோவை விட்டு ஆல்ட்டோவுக்கு வாருங்கள். நீண்ட சுரத்தில் பக்கத்தில் நிற்பவரோடு முறைவைத்து மூச்சு எடுங்கள். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் பிடித்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆல்ட்டோ பார்ட் முதலில் பாட்டாகவே தோன்றாது, கொஞ்சம் பொறுங்கள். கீபோர்டுக்காரரை அதை மட்டும் வாசிக்கச் சொல்லிப் போனில் பதிந்துகொண்டு, அடுப்படி வேலையோடு வேலையாகக் கேளுங்கள்.